புதன்கிழமை வண்டி எங்கே நிற்கும்?

மேடையில் அமர்ந்திருக்கும் உழவர் சங்கத் தலைவர் அவர்களே, பள்ளியின் தலைமையாசிரியை அவர்களே, எனக்கு முன்னால் பேசி என் வேலையைப் பாதியாகக் குறைத்துவிட்ட நண்பர்களே, முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் அண்ணி அவர்களே, நாற்காலி போதாமல் சுவரில் சாய்ந்து நிற்கும் பெரியோர்களே, உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

உட்கார்ந்துகொண்டே பேசட்டுமா என்று கேட்டேன். மைக் அவ்வளவு கீழே இறங்காதாம். சரி, நிற்கிறேன். இந்த ஆண்டில் மட்டும் இதே மண்டபத்தில், இதே மைக்குக்கு முன்னால், எத்தனையாவது தடவையாக நிற்கிறேன் என்று எண்ணிப் பார்க்கவே பயமாக இருக்கிறது. ஒவ்வொரு தடவையும் ஒரு படம். ஒவ்வொரு தடவையும் 'ஈடுசெய்ய முடியாத இழப்பு' என்று சொல்லிவிட்டு இறங்கிப் போகிறோம். களைத்துப்போய்விட்டேன், ஐயா. அழுவதற்குக்கூடத் தெம்பு இல்லை. ஆனால் இன்று படத்தில் இருப்பவர் என் வேலிக்கு அந்தப் பக்கம் இருந்தவர். கிழக்குத் தோட்டத்து அண்ணன். நம் சங்கத்தின் முன்னாள் பொருளாளர். பள்ளிப் பிள்ளைகளுக்கு 'உஷ் மாமா'. அவருக்காகப் பேசாமல் வேறு யாருக்காகப் பேசப் போகிறேன்?

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இன்று திங்கள். நாளை மறுநாள் புதன். மாதத்தின் முதல் புதன்கிழமை என்றால் பள்ளி வண்டி பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு அண்ணனின் தோட்டத்து வாசலில் வந்து நிற்கும். பல வருஷமாக நின்றது. இந்தப் புதன் நிற்குமா? மேடை ஏறுவதற்கு முன்னால் தலைமையாசிரியை அம்மா என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "பசங்க தினமும் கேக்கறாங்க சார். நான் என்னன்னு சொல்றது?" என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை. நாம் இந்த மண்டபத்தை விட்டு எழுந்து போவதற்குள் பதில் தெரிந்தாக வேண்டும்.

முன்னால் பேசியவர்கள் அண்ணனைக் குழந்தைகளின் தோழர் என்றார்கள். குழந்தை உள்ளம் கொண்டவர் என்றார்கள். கேட்டுக்கொண்டிருந்த எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, மன்னித்துக்கொள்ளுங்கள். குழந்தை உள்ளமா! யாருக்கு? வண்டி திரும்பிப் போனதும் வேலியோரம் வந்து நின்று, "அப்பாடா, கிளம்பிட்டுதுங்கய்யா. காது ரெண்டும் அடைச்சுப் போச்சு. அடுத்த மாசம் வேணாம்னு சொல்லிடப் போறேன்" என்பார். இதை எல்லா மாதமும் என்னிடம் சொன்னார். பள்ளியில் ஒரு மாதமும் சொல்லவில்லை. ஆசையாக இருப்பவன் செய்துவிட்டுப் போகிறான், அதில் என்ன இருக்கிறது? இவர் ஆசை இல்லாமல் செய்தார். அலுத்துக்கொண்டே செய்தார். இடுப்பைப் பிடித்துக்கொண்டே செய்தார். ஆனால் விடாமல் செய்தாரே! அதை அல்லவா நாம் இங்கே பேச வேண்டும்?

இது தொடங்கிய கதை உங்களில் பலருக்குத் தெரியாது. இப்போதுள்ள அம்மாவுக்கு முன்னால் இருந்த தலைமையாசிரியை ஒருநாள் வந்து, "ஒரே ஒரு தடவை பசங்களைக் கூட்டிட்டு வரட்டுமா?" என்று கேட்டார். அண்ணனுக்கு வாசலில் வந்து நிற்பவரிடம் இல்லை என்று சொல்ல வராது. அந்த ஒரு தடவை முடியவே இல்லை. கோழிக்கூண்டுப் பக்கம் சத்தம் போட்டால் கோழி முட்டை வைக்காது என்று 'உஷ்', மாடு மிரளும் என்று 'உஷ்', பேசினால் தேனீ கொட்டும் என்று ஒரு 'உஷ்'. கடைசியில் சொன்னது பொய்தான். கொஞ்ச நேரம் நிம்மதியாக இருக்கலாமே என்று சொன்ன பொய்.

நான் ஒருநாள் கேட்டுவிட்டேன். "அண்ணே, இதுல ஒண்ணுகூட விவசாயத்துக்கு வரப் போறதில்ல. எதுக்கு இந்தப் பாடு?"

"வராதுன்னு எனக்குத் தெரியாதாய்யா?" என்றார். "இதுல ஒண்ணு பேங்க் மேனேஜரா வரும். ஒண்ணு நிலம் அளக்க வரும். ஒண்ணு பெரிய அதிகாரியா வந்து கார்ல இருந்து இறங்கும். அன்னிக்கு என் வரப்புல ஷூவோட ஏறி நின்னுக்கிட்டு, இதுல பயிர் எது, களை எதுன்னு கேக்கக் கூடாது. அதுக்குத்தான்."

"அதெல்லாம் வளந்து வர்றப்போ நீங்க இருக்கணுமே?"

"நான் இல்லேன்னா நீ இருப்ப. உன்னைக் கேக்காதுல்ல?"

இப்படித்தான் பேசுவார்.

பயிர் எது, களை எது என்றதும் ஞாபகம் வருகிறது. பிள்ளைகளுக்கென்று ஒரு பாத்தி ஒதுக்கி முள்ளங்கி விதைக்கச் சொன்னார். அடுத்த மாதம் களை எடுக்கச் சொன்னார். எடுத்தார்கள். எப்படி எடுத்தார்கள்! முள்ளங்கிச் செடி எல்லாவற்றையும் வேரோடு பிடுங்கிக் குவித்துவிட்டு, களையை மட்டும் பத்திரமாக விட்டு வைத்தார்கள். களை பாவம், மஞ்சளாகப் பூ விட்டு அழகாக இருந்தது. இவர் பார்த்துக்கொண்டே நின்றார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறுநாள் காலையில் நான் எட்டிப் பார்க்கிறேன், மனிதர் அந்தப் பாத்திக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறார்!

"என்னண்ணே, களைக்குத் தண்ணி விடுறீங்க?"

"அடுத்த மாசம் வந்து எங்க செடி எங்கேன்னு கேக்குமே. நான் சரி பண்ணிட்டா அது என் பாத்தி ஆயிடும்யா."

அந்தக் களையின் விதை காற்றில் பறந்து எங்கே வரும்? என் வயலுக்கு! நான் வேலியில் நின்று கத்தினேன். நான் கத்தி முடிக்கும்வரை அவர் நின்றார். பிறகு என் வரப்பில் முளைத்ததை எல்லாம் அவரே வந்து குனிந்து குனிந்து பிடுங்கிக் கொடுத்தார். அவர் பாத்தியிலோ, உரம் வைத்து வளர்த்த களை இடுப்பு உயரம். அடுத்த மாதம் பிள்ளைகள் வந்தார்கள். ஒரே சந்தோஷம். "மாமா, இதுல முள்ளங்கி எப்ப வரும்?" என்று ஒரு சின்னப் பெண் கேட்டாள். வராது, நீங்கதான் பிடுங்கிட்டீங்களே என்றார். உஷ் சொல்ல வேண்டிய தேவையே இல்லாமல் போய்விட்டது. பிறகு அதே பெண் நிமிர்ந்து பார்த்து, "அன்னிக்கே ஏன் எங்ககிட்ட சொல்லல?" என்று கேட்டாள். "சொன்னா கேட்டிருப்பீங்களாக்கும்?" என்றார் இவர். "கேட்டிருப்போம்!" என்றாள்.

அன்று சாயங்காலம் என்னிடம் வந்து இதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். "கேட்டிருப்போம்னு சொல்லுதுய்யா. நான் கேட்டே பாக்கலியே, பாரு." அடுத்த வருஷம் ஒவ்வொரு செடியாகத் தொட்டுக் காட்டிச் சொன்னார். அப்போதும் பாதி முள்ளங்கி போய்விட்டது, அது வேறு விஷயம்.

போன மாதப் புதன்கிழமை. டாக்டர் ஓய்வெடுக்கச் சொல்லியிருந்தார். நான் போய், "இன்னிக்காவது வேணாம்னு சொல்லுங்கண்ணே" என்றேன். "வண்டி கிளம்பியிருக்கும்யா" என்றார். நிற்க முடியாமல் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். மண்ணைக் கையில் பிடித்துப் பார்த்து ஈரம் இருக்கிறதா என்று கண்டுபிடிப்பது எப்படி என்று சொல்லிக்கொண்டே வந்தவர், பாதியில் கண்ணை மூடிவிட்டார். தூக்கம். கையில் மண் அப்படியே இருக்கிறது. அவ்வளவு பிள்ளைகளும் கையில் மண்ணை வைத்துக்கொண்டு அவர் விழிக்கும்வரை சத்தம் காட்டாமல் உட்கார்ந்திருந்தார்கள். வேலிக்கு இந்தப் பக்கம் நின்று நான் பார்த்தேன். அந்த மனிதர் எவ்வளவு களைத்துப்போயிருக்கிறார் என்பது எனக்கு அன்றுதான் உறைத்தது. அடுத்த வாரம் அவர் போய்விட்டார்.

நண்பர்களே! தலைவர் என் கையில் ஒரு தாள் கொடுத்திருக்கிறார். நம் சங்கத்தின் தீர்மானம். நான் வாசிக்க வேண்டுமாம். தோட்டத்துக்குப் போகும் பாதைக்கு அண்ணனின் பெயரை வைப்பது. சரி. அவர் படத்தைப் பள்ளியில் மாட்டுவது. அதுவும் சரி. அடுத்த வரி: 'அன்னாரின் அரும்பணியை அவரது துணைவியார் தொடர்ந்து நடத்த இச்சங்கம் உறுதுணையாக நிற்கும்.' எனக்கு முன்னால் பேசியவர்களும் இதையே சொன்னார்கள். கைதட்டினீர்கள். இந்த வரியை நான் தீர்மானமாக வாசிக்க மாட்டேன்.

ஏன் என்று கேட்கிறீர்களா? நேற்று அண்ணியின் வீட்டுக்குப் போனேன். சமையலறையில், பிள்ளைகளுக்குக் குடிக்கத் தண்ணீர் பிடித்து வைக்கும் பெரிய நீல டிரம்மைக் கவிழ்த்துத் தேய்த்துக்கொண்டிருந்தார். எதுக்கு அண்ணி இப்ப இது என்றேன்.

"புதன்கிழமை வருதில்ல தம்பி. கை தானா செய்யுது" என்றார். பிறகு தேங்காய் நாரைக் கீழே வைத்தார். "வர்றவங்க எல்லாம் நீங்கதான் தொடரணும், நீங்கதான் தொடரணும்னு சொல்லிட்டுப் போறாங்க. உன்னால முடியுமான்னு ஒருத்தர் கேட்டாங்களா? அவரே கேட்டதில்ல. புதன்கிழமை பசங்க வராங்கன்னு சொல்லுவாரு. மழை வருதுன்னு சொல்ற மாதிரி சொல்லுவாரு. நான் குறையா சொல்லல தம்பி. எனக்கு முட்டி வலிக்குது, அவ்வளவுதான்."

அவ்வளவுதான் என்றார். எவ்வளவு என்று நமக்குத் தெரியுமா? முந்தின நாளே அந்த டிரம்மை நிரப்பியது யார்? பிள்ளைகள் வருவதற்கு முன்னால் கழிவறையைக் கழுவி, அவர்கள் போன பிறகு மறுபடி கழுவியது யார்? விழுந்து சிராய்த்த முழங்காலுக்கு மருந்து போட்டது, சேற்றில் புதைந்த ஒற்றைச் செருப்பைத் தேடி எடுத்தது, நாயைக் கட்டியது, செடிக்கு நடுவில் கிடந்த மிட்டாய்த் தாளைப் பொறுக்கியது, இதெல்லாம் யார்? அண்ணன் சொல்லிக் கொடுத்தார். உண்மை. அண்ணன் பெரிய மனிதர். உண்மை. அந்தப் பெரிய மனிதர் தன் வீட்டில் ஒருத்தியை ஒரு தடவை கேட்டிருக்கலாம். அவர் படத்துக்கு முன்னால் நின்று இதைச் சொல்ல எனக்கு மனசு கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனால் அவர் கேட்காமல் விட்டதை, சங்கமும் கேட்காமல் தீர்மானம் போட்டுத் தொடர வேண்டுமா?

அண்ணி, இத்தனை பேர் நடுவில் கேட்பது தப்பென்றால் என்னை மன்னித்துவிடுங்கள். தனியாகக் கேட்டால் நாளைக்கே வேறு யாராவது வந்து உங்கள் மனசை மாற்றப் பார்ப்பார்கள். அதனால் எல்லோர் காதிலும் விழும்படி கேட்கிறேன். புதன்கிழமை பிள்ளைகள் உங்கள் தோட்டத்துக்கு வரலாமா? முடியும் என்றால் முடியும். முடியாது என்றால் முடியாது. எந்தப் பதில் சொன்னாலும் அண்ணனுக்கு எந்தக் குறைவும் வந்துவிடாது. அவசரமில்லை. நான் நிற்கிறேன்.

அண்ணி சொன்னது பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்டிருக்காது. மைக்கில் சொல்லிவிடுகிறேன். "வேணாம் தம்பி" என்றார்.

யாரும் முணுமுணுக்க வேண்டாம். தலைவரே, தயவுசெய்து உட்காருங்கள். அவரைச் சமாதானப்படுத்த யாரும் எழுந்து போக வேண்டாம். அவர் அழவில்லை, பாருங்கள். நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார். அந்த வரியை இதோ அடித்துவிட்டேன்.

தலைமையாசிரியை அம்மா, ஓட்டுநரிடம் சொல்லிவிடுங்கள். புதன்கிழமை வண்டி கிழக்குத் தோட்டத்து வாசலில் நிற்க வேண்டாம். கொஞ்சம் தள்ளி அடுத்த வாசல். என் வாசல். எனக்கு அண்ணன் அளவுக்குப் பொறுமை கிடையாது. முதல் நாளே யாரையாவது திட்டிவிடுவேன், அதற்கு இப்போதே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். எத்தனை காலம் தாங்குவேன் என்றும் தெரியாது. எனக்கும் வயதாகிவிட்டது, எனக்கும் முடியவில்லை. ஆனால் இந்தப் புதன் வரட்டும்.

மூன்றாவது வரிசையில் இருந்து என் வீட்டுக்காரி என்னைப் பார்க்கிற பார்வை எனக்குத் தெரியாமல் இல்லை. அவளைத் தெரிந்தவர்களுக்கு அந்தப் பார்வைக்கு அர்த்தம் தெரியும். அங்கே ஒருத்தி தலையிலிருந்து இறக்கி என் தலையில் வைக்கிறாயா என்று கேட்கிறாள். நியாயம்தானே? அண்ணனை இவ்வளவு பேசிவிட்டு, நானும் அவளைக் கேட்காமலே இங்கே வாக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன்! இல்லை, தாயே. நீ புதன்கிழமை உன் தங்கச்சி வீட்டுக்குப் போய்விட்டு வா. டிரம்மை நான் நிரப்புகிறேன். செருப்பை நான் தேடுகிறேன். கக்கூஸை நான் கழுவுகிறேன். பிள்ளைகள் வருவதற்கு முன்னாலும் கழுவுகிறேன், போன பிறகும் கழுவுகிறேன்.

இரங்கல் கூட்டத்தில் எடுக்கிற உறுதிமொழியா இது என்று சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், அண்ணியும் சிரிக்கிறார். தலைவரே, அந்த அடித்த வரிக்குக் கீழே இதை எழுதிக்கொள்ளுங்கள். சங்கத்தின் பெயரில் வேண்டாம், என் மனைவியின் பெயரிலும் வேண்டாம். என் பெயரில் எழுதுங்கள்.