உதட்டின் நீலம்

உட்கார்ந்து செய்யும் வேலைக்கு முதலில் வேண்டியது முதுகைத் தாங்கும் நாற்காலி. அதை அக்காதான் வாங்கித் தந்தாள், நான் ஓய்வு பெற்ற வாரத்தில். "இனிமே வீட்டுலதானே கெடக்கப் போற, ஒழுங்கா உக்காரு" என்றாள்.

நான் பல் செய்பவள். முப்பத்தொரு வருடம் ஒரு பல் ஆஸ்பத்திரியின் லேபில் செயற்கைப் பற்களுக்கு நிறம் தீட்டினேன். பக்கத்துப் பல்லின் சாயலைப் பிடிப்பதுதான் அதில் வித்தை. நான் செய்த பல் எது என்று வாய்க்குச் சொந்தக்காரரே கண்டுபிடிக்க மாட்டார். ஓய்வுக்குப் பிறகு கை சும்மா இருக்கவில்லை. போர் விளையாட்டுக்கான உலோகச் சிப்பாய்களுக்கு வண்ணம் தீட்டத் தொடங்கினேன். ஒவ்வொருவனும் கட்டைவிரலில் பாதி உயரம். பழைய போர்களைப் பெரிய மேசையில் அளவுகோலும் பகடையும் வைத்து மறுபடி நடத்திப் பார்க்கிற சங்கம் ஒன்று இருக்கிறது. அதன் தலைவரை எல்லோரும் கர்னல் என்பார்கள். காப்பீட்டு அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தவர். துப்பாக்கியைத் தொட்டதுகூட இல்லை.

முன்னூறு பேர் கொண்ட படை ஒன்றை அவர் என்னிடம் ஒப்படைத்தார். இருநூறு வருடங்களுக்கு முன் பனியில் பின்வாங்கிய படை. சட்டையின் கைப்பட்டி நிறத்துக்கு மட்டும் நான்கு புத்தகம் பார்த்தேன். அக்கா எதிரே உட்கார்ந்து காகிதக் கொடிகளை வெட்டி ஒட்டித் தருவாள். "சாகப் போறவனுக்கு இத்தனை பட்டன் எதுக்குடி?" என்று சிரிப்பாள். நல்ல நாட்கள் அவை. எங்களுக்குள் ஒரு மனத்தாங்கலும் இருந்ததில்லை. அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

சிக்கல், அந்தப் படையில் செத்து விழுந்துகிடக்கிற நாற்பது பேரால் வந்தது. கர்னல் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் குனிந்து பார்த்தார். "உடுப்பெல்லாம் பிரமாதம்மா. ஆனா செத்தவங்க, மத்தியானம் சாப்பிட்டுட்டுப் படுத்த மாதிரி இருக்காங்க."

உடனிருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து நாற்பது பேரையும் வண்ணத்தைக் கரைக்கிற தின்னரில் ஊறப்போட்டேன். மறுபடி தீட்டினேன், மறுபடி அழித்தேன். ஐந்து முறை. சாம்பல் கலந்தால் களிமண்ணாகத் தெரிந்தது, நீலம் கலந்தால் மை கொட்டியதுபோல் ஆனது. புத்தகப் படங்கள் உதவவில்லை. படத்தைப் பார்த்துப் பல் செய்யக் கூடாது, ஆளைப் பார்த்துத்தான் செய்ய வேண்டும். எங்கள் தொழிலில் அது பால பாடம்.

அந்தச் சமயத்தில்தான் அக்காவுக்கு முதல் முறை நெஞ்சு வலித்தது. காலை நேரம். சமையலறைத் தரையில் சாய்ந்துவிட்டாள். உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். எங்கள் கட்டடத்துக் காவலாளியைக் கேளுங்கள், நான் எப்படிப் படியிறங்கி ஓடினேன் என்று சொல்வார். வண்டி வருவதற்குள் அவள் முகத்தைப் பார்த்தேன். உதட்டோரத்தில் தொடங்கி மூக்கடிவரை ஒரு நிறம் ஏறியது. நீலமுமில்லை, சாம்பலுமில்லை, அடியில் லேசாக ஒரு மஞ்சள். ஆறேழு நிமிஷம்தான். மருத்துவமனையிலிருந்து திரும்பியதும் கலந்து பார்த்தேன். மனதில் தங்கவில்லை.

அக்கா பிழைத்து வந்தாள். தினம் ஒரு மாத்திரை, ஆயுசு முழுக்க, ஒரு நாளும் விடக் கூடாது என்றார் மருத்துவர். "எனக்கு மறந்துடும், நீயே குடுத்துடு" என்றாள். பத்து நாள் அதையே கொடுத்தேன். பதினோராம் நாளிலிருந்து, அதே அளவு, அதே வெள்ளையில் ஒரு சத்து மாத்திரை கொடுத்தேன். உடம்புக்கு எந்தக் கெடுதலும் செய்யாதது. அவளுக்கு வித்தியாசம் தெரியவில்லை.

மூன்று வாரம் கழித்து, பகல் பதினொன்றரைக்கு, கொடி ஒட்டிக்கொண்டிருந்தவள் அப்படியே நெஞ்சைப் பிடித்தாள். வெளிச்சம் நன்றாக இருந்தது. கழுத்துக்குக் கீழே தலையணை கொடுத்து, முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பினேன். வண்ணத் தட்டும் தூரிகையும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன.

"ஆம்புலன்ஸ்... கூப்பிட்டியா?"

"கூப்பிட்டுட்டேன்க்கா. வந்துட்டிருக்கு. அசையாம இரு."

அசையாமல் இருந்தாள். நான் சொல்லி அவள் எதையும் தட்டியதில்லை. நடுவில் ஒருமுறை கண்ணைத் திறந்து என் கையிலிருந்த தூரிகையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் ஒரு தாளில் ஏழு சாயல்கள் எடுத்தேன். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் நேரத்தைக் குறித்தேன். அந்தத் தாளைத்தான் நீங்கள் எடுத்து வைத்திருக்கிறீர்கள். கடைசிச் சாயலுக்கு நேரே ஒன்று பத்து என்று இருக்கும். நான் தொலைபேசியை எடுத்தது ஒன்றே காலுக்கு.

அரை மணிக்குள் கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பாள் என்று மருத்துவர் சொன்னதாகச் சொல்கிறீர்கள். இருக்கலாம். மாத்திரையை மாற்றியது நான். கூப்பிடாமல் இருந்தது நான். கூப்பிட்டுவிட்டதாகச் சொன்னதும் நான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் கொல்ல நினைத்தேன் என்று மட்டும் எழுதாதீர்கள். நிறம் கிடைத்ததும் பழையபடி அவளுடைய மாத்திரையையே கொடுப்பதாகத்தான் இருந்தேன். அடுத்த மாதத்து டப்பாவைக்கூட வாங்கி வைத்திருக்கிறேன், இன்னும் பிரிக்கவில்லை.