மாமன் சைக்கிள் பம்பு

ஏழு சைக்கிளுங்க! ஏழையும் இந்தப் போலீஸ்காரனுங்க சுவத்தோரமா சாத்தி வச்சிட்டானுங்க, ஆளுங்கள மரத்தடியில உக்கார வச்சிட்டானுங்க. அநியாயத்தப் பாத்தீங்களா? நீங்க பஸ்ஸுக்கு நிக்கிறீங்களா? எழுதுங்க, எழுதுங்க, கடுதாசிய முடிச்சிடுங்க. கொஞ்சம் தள்ளி உக்காந்து எழுதுங்க, நெழலு எனக்கும் வேணும்லா.

மம்பாவ் பக்கத்து எஸ்டேட்டுங்க நாங்க. கோலா கிளாவாங்ல பொண்ணு பாக்கப் போறோம். அதோ, தல நெறைய எண்ண வழிய முழிச்சிக்கிட்டு இருக்கானே, இராஜமாணிக்கம், என் அக்கா மவன், அவனுக்குத்தான். லாரியில போலாம்டான்னேன். கேட்டானுங்களா? கணேசமூர்த்தின்னு இவன் கூட்டாளி, எங்க எஸ்டேட்டு சைக்கிள் சங்கத் தலைவராம்! 'மாமா, மல அழகப் பாத்துக்கிட்டே ஜாலியா போலாம்'ங்கிறான். அழகாம், பெரிய அழகு! வளைவு வளைவா ஏறுனதுல நான் பாத்தது கணேசமூர்த்தி முதுகுதான். மேல போனா பனி. பனிக்குள்ள கொரங்கு. எந்துண்ட உருவிக்கிட்டுப் போயிடுச்சிங்க, புதுத் துண்டு! அந்தச் சனியன் பர்மிட்டு இல்லாம சுத்துது, எனக்கு மட்டும் வெளிய போக எஸ்டேட்டு தொர கையெழுத்துப் போட்ட கடுதாசி வேணுமாம்!

எங்க விட்டேன்? ஆங், உச்சி. உச்சியில மாப்புள டயரு புஸ்ஸுன்னு போயிடுச்சி. ஒட்டிட்டாங்க. காத்தடிக்கணுமே? ஏழு பேருக்கும் சேத்து ஒரே பம்பு, அதுவும் எஞ்சைக்கிள்ல. 'கெட்டுப்போச்சிடா'ன்னு சொல்லிட்டேன். பய எறக்கம் பூரா தள்ளிக்கிட்டே நடந்தான். அய்யோ பாவம்!

மூணு மணியோட நல்ல நேரம் முடியுதுங்க. பொண்ணோட அப்பன் கறாரான ஆளு. நாளைக்கு செரம்பான்லேருந்து ஆபீசுல கணக்கெழுதுற கிராணி மாப்புள ஒருத்தன் வாரானாம். இன்னைக்கு விட்டா போச்சி! ஆசப்பட்டுக் கெடக்கான் இந்தப் பய.

இங்க வந்தா மறிச்சிட்டானுங்க. போலீசு சார்ஜன் நல்ல மனுசன்தான். மாப்புள டயரப் பாத்துப் பாவப்பட்டு, எஞ்சைக்கிள்ல இருந்த பம்ப அவரே எடுத்து ஒரே அழுத்து... பொஃப்! மீசையெல்லாம் மாவு! காட்டுல ஒளிஞ்சிருக்கிற கம்யூனிஸ்டுங்களுக்கு சாப்பாடு கடத்துறோமாம்! யாரு வச்சதுன்னு கேட்டாரு. நான் எதுக்கு மாட்டிக்கணும்? பம்பு சங்கத்துதுன்னுட்டேன்.

நல்ல பொரிமாவுங்க, சக்கர போட்டது. எம்பொண்டாட்டி முத்தாயி ராவெல்லாம் வறுத்து இடிச்சா...

என்ன அப்படிப் பாக்குறீங்க? ஆமாங்க, என்னுதுதான்! பின்ன? பொண்ணு புடிச்சிருக்குன்னு சொல்லாம அவங்க வீட்ல கை நனைக்கக் கூடாது. காப்பியக்கூட தொடாதடான்னு அக்கா சொல்லி அனுப்பிச்சிருக்கா. எஸ்டேட்டு கேட்டுலயோ ஒரு பிடி சோத்தக்கூட வெளிய வுடமாட்டேங்குறானுங்க, தண்ணி போத்தல மோந்து பாக்குறானுங்க. எவன் பம்ப மோந்து பாக்கப் போறான்னு நெனச்சேன். மலையேறுற வயித்துக்கு சட்டம் தெரியுமாங்க?

எங்க எந்திரிக்கிறீங்க? பஸ்ஸு வரலியே... ஏன் சார்ஜன்கிட்ட போறீங்க? அவருக்கா அந்தக் கடுதாசி? அய்யய்யோ! நீங்க தமிழ மலாய்ல சொல்றவரா? மொதல்லயே சொல்லக்கூடாதாங்க!

அட, அவனுங்கள விட்டுட்டாரே! ஆறு பேரும் போலாமா? அப்ப நானு?

...நான் மட்டும் இருக்கணுமா. சரி, சரி. நியாயந்தான்.

டேய் மாணிக்கம்! தாய்மாமன் இல்லாமலே தட்டு மாத்திடுவியா? என்னடா நின்னுக்கிட்டு யோசிக்கிற? மணி ரெண்டாச்சி, கெளம்புடா! அங்க பாரு, சார்ஜனே அந்தப் பம்பால ஒனக்கு காத்தடிக்கிறாரு. இப்ப நல்லா வரும், மாவெல்லாம் அவரு மீசையிலதான் இருக்கு.

பொண்ணப் பாத்ததும் புடிச்சிருக்குன்னு சொல்லிடு, இழுக்காத. சொல்லிட்டு நல்லா சாப்புடு. வர்றப்ப மாமனுக்கு ரெண்டு வடை...

அய்யோ, வேணாம்டா! எதுலயும் வச்சி எடுத்தாந்துடாத!

ஐயா... ஐயா, அந்த வடைய எழுதிடாதீங்க!