மூணு நாள் மௌனம்

எண்ணூர் பஸ் கன்டெய்னர் லாரி வரிசைக்குப் பின்னால் நின்றுவிட்டது. என் முன்சீட்டில் ஒரே கம்பெனி அடையாள அட்டையோடு இரண்டு பெண்கள். ஒருத்தி கழுத்தில் சிலுவை, இன்னொருத்தி சாவிக்கொத்தில் புத்தர்.

சாவிக்கொத்துக்காரி கேட்டாள்: “மாதா கோயில் தியானத்துல மூணு நாளு வாயே தொறக்கலியே பிலோமினா, ஆண்டவராவது எதுனா பேசுனாரா?”

“எங்க? கண்ண மூடி ஏசு மொகத்தப் பாருன்னாரு ஃபாதரு. மூடுனா எங்க அக்கா மூஞ்சி வருதுடி.”

“ரெண்டு வருஷமா பேசாம கீறியே, அந்த அக்காவா?”

“அவளேதான். ஜெபமாலைய உருட்டுனா மணிக்கு மணி வந்து நிக்குறா. உங்க புத்தர் தியானத்துல இந்த பேஜாரு இல்லல்ல?”

“எங்களுக்கு மொகமே கெடையாது. மூச்ச மட்டும் பாரு, மத்தது வந்தா வரட்டும், போனா போவட்டும்னுவாங்க. பத்து நாளு ஒக்காந்தேன்.”

“இன்னா வந்துச்சு?”

“நீதான். வாங்கினு போன இட்லி குண்டான இன்னும் தரலியே.”

பிலோமினா சிரித்த சிரிப்பில் கண்டக்டரே திரும்பிப் பார்த்தார்.

“அய்ய, வாயத் தொறந்து கேக்க வேண்டியதுதானே?”

“நீயும் உங்க அக்காகிட்ட வாயத் தொறக்க வேண்டியதுதானே?”

பஸ் நகர்ந்தது. எர்ணாவூர் ஸ்டாப் வந்ததும் சாவிக்கொத்துக்காரி எழுந்து பிலோமினாவின் கையைப் பிடித்து இழுத்தாள்.

“ஏய், உன் வூட்டுக்கு இன்னும் நாலு ஸ்டாப்பு கீதே?” என்றாள் பிலோமினா.

“உங்க அக்கா வூடு இங்கதான? நானும் கூட வர்றேன். தனியா வுட்டா அங்கயும் போயி தியானம் பண்ணிகினு நிப்ப.”