அரக்கு நிறக் காரில் ஒட்டிய படம் தொடர்பாக

என் பெயர் சிவபாலன், வயது முப்பத்தாறு, தகப்பனார் பெயர் சபாபதி. காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் தாயாருடன் குடியிருந்து, பட்டுச் சேலைக் கடை நடத்தி வருகிறேன். என்னைப் பிரிந்திருக்கும் என் மனைவி ரேவதி கொடுத்த புகாரின் பேரில் இன்று காவல் நிலையத்தில் ஆஜராகி, விசாரித்ததற்குக் கீழ்க்கண்டவாறு சொல்கிறேன்.

மேற்படி ரேவதி தாமல் கிராமம் கோதண்டபாணி, காந்தா ஆகியோரின் ஒரே மகள். கல்யாணமான புதிதில் எங்கள் கடைச் சேலையைக் கட்டச் சொல்லி அவளைப் போட்டோ எடுத்து, கடை விளம்பரத்துக்காக என் காரின் பானட்டில் ஒட்டக் கொடுத்தேன். கார் அரக்கு நிறம். ஸ்டிக்கர் கடை வசந்த், கொண்டை முதல் கழுத்து வரை உருவத்தின் ஓரம் பார்த்து வெட்டி, பானட் முழுக்க முகம் வரும்படி ஒட்டினான். எத்தனை வருஷம் தாங்கும் என்று அவனைக் கேட்டேன். "நெழல்ல நிறுத்தி கவர் போட்டுக்கினீங்கன்னா அஞ்சு வருஷம் வரும்ணா. நம்ம ஊரு வெயிலுக்கும் புழுக்கத்துக்கும் வெளிய வுட்டா ரெண்டு வருஷம் நிக்கிறதே பெருசு. வானத்தைப் பாத்த எடம்தான் மொதல்ல போவும். பானட்டுக்குக் கீழ இன்ஜின் சூடு வேற இருக்குது" என்றான். அதன் பிறகு கவர் வாங்கிப் போட்டு, ஷெட்டுக்குள் நிறுத்தி வந்தேன். அப்போது அவள் மேல் எனக்கு ஆசை இருந்தது.

அதன் பிறகு ஒரு நாள், கல்யாணச் சேலை எடுக்க வந்த கூட்டத்திடம், நான் காட்டிய சேலையின் ஜரிகை அசல் இல்லை என்று ரேவதி சொல்லிவிட்டாள். அவள் சொன்னது உண்மைதான். ஆனால் கடைக்காரன் பெண்டாட்டி சொல்லக்கூடிய உண்மை இல்லை. கூட்டம் எழுந்து போனதும், வேலையாட்கள் பார்க்க அவளை அறைந்தேன். அறைந்தது ஒரே முறைதான். அதற்கே அவள் அன்று மாலை தாமலுக்குப் போய்விட்டாள். நானும் கூப்பிடவில்லை.

அதன் பிறகு அவள் இங்கே தனியார் கல்லூரி அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்து, தினமும் தாமலிலிருந்து பஸ்ஸில் வந்து போனாள். ஒரு நாள் கடை வாசலுக்கு வந்து, "எனக்கு உங்ககிட்ட ஒன்னும் வேணாம். வண்டியில இருக்கிற என் படத்தை மட்டும் எடுத்துடுங்க. ஊரெல்லாம் என் மூஞ்ச இட்டுக்கினு சுத்துறீங்க" என்றாள். அதற்கு நான், "நான் எதுக்கு உரிக்கணும்? வெயிலே உரிச்சிக்கும்" என்று சொன்னேன். அது கோபத்தில் வந்த பேச்சு இல்லை, யோசித்துத்தான் சொன்னேன்.

அன்றைக்கே கவரைத் தூக்கி எறிந்தேன். பட்டுச் சேலையை வெயிலில் காயப் போடாதீர்கள், நிழலில் உலர்த்துங்கள் என்று வாங்க வருகிறவர்களிடம் தினமும் சொல்கிறவன் நான். வெயில் எதை என்ன செய்யும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவள் பஸ்ஸை விட்டு இறங்கி நடக்கும் வழியில், கடைக்கு எதிரே காரை நிறுத்தினேன். நிழல் வந்தால் நகர்த்தி வைத்தேன். முதலில் உதட்டுச் சிவப்பு போனது. அதன் பிறகு கண்கள் வெளுத்தன. மழைக்காலத்தில் கன்னத்தில் கொப்புளம் கிளம்பியது. மறு கோடையில் கொப்புளம் வெடித்து, மூக்கின் குறுக்கே விரிசல் விட்டு, தாடை ஓரம் சுருண்டது. அவள் தலையைக் குனிந்தபடி காரைத் தாண்டிப் போவாள். கடைக்குள் இருந்து பார்ப்பேன். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, அதை மறைக்கவில்லை.

அதன் பிறகு போன ஆயுதபூஜை அன்று, எல்லோரும் வண்டிக்குச் செய்கிறபடி காரைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, ரோஜா மாலை போட்டேன். மாலை அந்த முகத்தைச் சுற்றி விழுந்தது. சந்தனத்தை நெற்றியில்தான் வைத்தேன். செத்தவர் படத்துக்குத்தான் மாலை போடுவார்கள் என்பது எனக்குத் தெரியாதா என்று கேட்டால், தெரியும். அப்படியே தாமலுக்கு ஓட்டிப் போய், கோதண்டபாணி வீட்டு வாசலில் நிறுத்திவிட்டு, வாசல் தெரிகிற தூரத்தில் ஏரிக்கரையில் போய் நின்றுகொண்டேன். அப்போது ரேவதி கல்லூரியில் பூஜைக்குப் போயிருந்தாள். காந்தா வெளியே வந்து பார்த்து, "ஐயோ, எம்பொண்ண என்னடா பண்ண?" என்று அலறி பானட் மேல் விழுந்தார். எழவு என்று நினைத்துத் தெருவே கூடிவிட்டது. கோதண்டபாணி மகளுக்குப் போன் போட எண்ணை அழுத்த முடியாமல், போனை வேறொருவரிடம் நீட்டினார். ரேவதி வந்து சேர்ந்த பிறகும் காந்தா அவள் முகத்தைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தார். அதன் பிறகுதான் அவள் இந்தப் புகாரைக் கொடுத்தாள்.

நேற்று காவல் ஆய்வாளர் அம்மா, காரைப் போட்டோ எடுத்துக்கொண்ட பிறகு, ரேவதி கேட்டுக்கொண்டபடி படத்தை எடுக்க வசந்தை வரவழைத்தார். ரேவதி பக்கத்தில் நின்றாள். காய்ந்துபோன ஷீட் முழுசாக வராமல், ஹீட் கன் வைத்துச் சூடாக்கச் சூடாக்க நகமளவு நகமளவாகப் பெயர்ந்தது. எல்லாம் எடுத்துப் பசையையும் துடைத்த பிறகு, பானட்டில் அவள் கொண்டை, நெற்றி, தாடை, கழுத்து எல்லாம் அப்படியே அரக்கு நிறத்தில் பளிச்சென்று தெரிந்தன. சுற்றிலும் கார் வெளுத்துக் கிடந்தது. "படம் இருந்த எடத்துல வெயில் படலண்ணா. அங்க மட்டும் பெயிண்ட் புதுசாவே இருக்குது. தேச்சாலாம் போவாது, மறுபடி பெயிண்ட்தான் அடிக்கணும்" என்று வசந்த் சொன்னான்.

உடனே பெயிண்ட் அடித்துக்கொள்கிறேன் என்றேன். இது வழக்கில் சேர்ந்த வண்டி, வழக்கு முடிகிறவரை விற்கவோ நிறம் மாற்றவோ கூடாது என்று ஆய்வாளர் அம்மா எழுதி வாங்கிக்கொண்டு காரை என் பொறுப்பில் விட்டார். வழக்கு முடிய எத்தனை வருஷம் ஆகும் என்று கேட்டேன். ரேவதிதான் சொன்னாள்: "வெயில்ல வுட்றாதீங்க. கவர் போட்டு நெழல்லயே வச்சிக்கோங்க. ரொம்ப வருஷம் இருக்கும்."

காரைக் கொண்டுபோய் ஷெட்டில் விட்டிருக்கிறேன். இன்று காலை புதுக் கவர் வாங்கிப் போட்டேன். மேலே சொன்னவை அனைத்தும் நானாகச் சொன்னவை, உண்மையானவை. எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்கள், நான் சொன்னபடியே இருக்கிறது.

(ஒப்பம்)
ச. சிவபாலன்