அவர் சுபாவம் என்றோம்

தலைமையேற்றிருக்கும் பணிமனை மேலாளர் அவர்களே, மேடையில் அமர்ந்திருக்கும் சங்கத் தோழர்களே, டூட்டி முடித்துச் சீருடையோடு வந்து நிற்கும் ஓட்டுநர், நடத்துநர் நண்பர்களே, முன்வரிசையில் இருக்கும் அண்ணியாரே, அண்ணனின் மகளே, கனத்த மனத்தோடு உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

இருபத்தாறு ஆண்டுகள் நம் பேருந்துப் பணிமனையின் நேரக்காப்பாளராக இருந்த அண்ணன், சென்ற செவ்வாய்க்கிழமை காலை தம் நாற்காலியிலேயே சாய்ந்துவிட்டார். பக்கவாதம். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது. "கடைசி வரைக்கும் வேலை பார்த்துக்கிட்டே போனாரு, கொடுத்து வச்சவரு" என்று வாசலில் நாலு பேர் பேசிக்கொண்டிருந்தீர்கள். என்ன கொடுத்து வைத்தவர்? எதற்குக் கொடுத்து வைத்தவர்?

நான்கு ஆண்டுகளுக்கு முன் அவருக்குப் பாராட்டுப் பத்திரம் கொடுத்தோமே, நினைவிருக்கிறதா? எழுதியவன் நான். ஃபோர்மேனான எனக்கு ஸ்பேனர் பிடித்த கை; மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்டு எழுதினேன். 'விடுப்பே எடுக்காதவர். யாரிடமும் எதையும் கேட்காதவர். இன்பத்திலும் துன்பத்திலும் ஒரே முகம் காட்டுபவர். பொழுது விடியுமுன் வந்து கதவைத் திறப்பவர்.' கண்ணாடிச் சட்டம் போட்டுக் கொடுத்தோம். அவர் வாங்கிப் படித்துவிட்டு, "யாரைப் பத்திடா எழுதியிருக்க?" என்று மட்டும் கேட்டார். தன்னடக்கம் என்று அதற்கும் சேர்த்துக் கை தட்டினோம்.

அவருடைய சேவைக்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். சம்பந்தப்பட்டவரிடம் அனுமதி வாங்கித்தான் சொல்கிறேன். ஆள் மூன்றாம் வரிசையில் இருக்கிறார். நாம் 'சிரிப்பு' என்று கூப்பிடும் ஓட்டுநர். இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு காலை, வழக்கம்போல் கேலி பேசிக்கொண்டே வந்து டூட்டிச் சீட்டுக்குக் கை நீட்டினார். அண்ணன் கொடுக்கவில்லை. அவர் முகத்தையே பார்த்தார். "எத்தனை நாளா தூக்கம் இல்ல?" என்றார். சிரிப்பு மழுப்பினார். அண்ணன் விடவில்லை. சாப்பாடு ருசிக்கிறதா, பிள்ளைகளைத் தூக்கிக் கொஞ்சத் தோன்றுகிறதா, கண் விழித்ததும் இன்னொரு நாளா என்று இருக்கிறதா என்று மெதுவாக ஒவ்வொன்றாகக் கேட்டார். அந்த வாயாடி மனிதர் ஜன்னலருகே நின்று குலுங்கிக் குலுங்கி அழுதார். வேறோர் ஓட்டுநரிடம் வண்டியைக் கொடுத்து அனுப்பிவிட்டு, அண்ணனே அவரை மனநல மருத்துவரிடம் அழைத்துப் போனார். எட்டு மாதம் சிகிச்சை. இன்று சிரிப்பு வண்டி ஓட்டுகிறார், நிஜமாகவே சிரிக்கிறார்!

இத்தனை கேள்வி அண்ணனுக்கு எப்படித் தெரிந்தது? நம்மில் ஒருவராவது யோசித்தோமா? அத்தனையும் அவர் தினம் தினம் அனுபவித்தது ஐயா! அன்றைக்கே அந்த டாக்டர் அவரைப் பார்த்து, நீங்களும் ஒரு நாள் வாருங்கள் என்றாராம். "எனக்கு ஒண்ணுமில்ல டாக்டர், என் சுபாவமே இதுதான்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாராம், பாவி மனிதர். அந்தச் சுபாவத்துக்குப் பத்திரம் எழுதிக் கொடுத்தவன் நான்.

துக்கம் விசாரிக்க வந்த அதே டாக்டர், அண்ணன் வீட்டுச் சுவரில் இருந்த பத்திரத்தைப் படித்தார். "இதைப் பாராட்டுன்னு நினைச்சா எழுதினீங்க? நான் எழுதியிருந்தா நோயாளி சீட்டுல எழுதியிருப்பேன்" என்றார். நாட்பட்ட மனச்சோர்வு ஆளைப் படுக்கையில் போடாதாம். படுத்தால்தான் நாலு பேர் கவனிப்பார்களே! இது வேலைக்குப் போக விடும், பேச விடும். உள்ளே மட்டும் எதிலும் பிடிப்பில்லாமல் செய்துவிடும். ஆண்டுக்கணக்கில் கூடவே இருப்பதால், ஆளும் அதைத் தன் குணம் என்றே நம்பிவிடுவாராம். சிகிச்சை கொடுத்தால் தேறக்கூடிய நோய் என்றும் சொன்னார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

விடியுமுன் வந்தாரே, ஏன்? தூக்கம் வராமல் வந்தார். விடுப்பு எடுக்கவில்லையே, ஏன்? போக ஆசைப்பட்ட இடம் ஒன்றுகூட இல்லை. எதையும் கேட்கவில்லையே, ஏன்? கேட்கும் அருகதை தனக்கு உண்டு என்றே அவர் நினைக்கவில்லை. அவருடைய அலமாரியைத் திறந்தோம். இரத்த அழுத்த மாத்திரை, ஐந்து மாதத்துக்கு உரியது, ஓர் அட்டைகூடப் பிரிக்கப்படவில்லை. அண்ணி கேட்டால் 'போட்டாச்சு' என்பாராம்.

சங்கத்தார் எனக்கு நாலு பக்க உறுதிமொழி எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். நான் படிக்கப் போவதில்லை. கூட்டம் தொடங்குமுன் அண்ணன் மகள் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். மூன்று நாளாக எல்லோரும் அவளிடம் 'அப்பா மாதிரியே, கலங்காத பொண்ணு' என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறோம். நானும்தான் சொன்னேன். அவள் என்னிடம் சொன்னாள்: "சித்தப்பா, எனக்கும் ரெண்டு வருஷமா இப்படித்தான் இருக்கு. அழுகைகூட வரல. இதை மேடையில சொல்லிடுங்க. நாலு பேருக்குத் தெரிஞ்சிட்டா, அப்புறம் ஒண்ணுமில்லன்னு நான் பின்வாங்க முடியாது."

எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்ல வாய்வரை வந்தது. விழுங்கிக்கொண்டு டாக்டருக்கு ஃபோன் செய்தேன். ஆறு மணிவரை இருப்பதாகச் சொன்னார். இப்போது ஐந்தரை.

தலைவர் அவர்களே, மன்னிக்க வேண்டும். அண்ணனின் பணியைத் தொடர்வோம் என்று இங்கே நின்று சபதம் செய்ய எனக்கு நேரமில்லை. யாராவது வண்டியை எடுங்கள். அண்ணி, நீங்களும் வாங்க. எழுந்திரும்மா, போகலாம்.