பிரிக்காத பெட்டி

அந்த மின்விசிறியைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லுங்கள், எனக்குச் சளி. நிதானமாகவே சொல்கிறேன், நீங்களும் நிதானமாக எழுதுங்கள். உங்களைப் போன்ற சுங்க அதிகாரிகளின் கையெழுத்தைப் படித்துப் படித்தே என் கண் பாதி கெட்டது. கடத்தல் வழக்கில் தண்டனை பெற்றவர்களுக்கு மேல்முறையீடு நடத்துவதுதானே என் பிழைப்பு.

என் தங்கையின் கணவன் நல்லவன். சொல்ல வேறொன்றும் இல்லாதவர்களைத்தான் நாம் அப்படிச் சொல்கிறோம். வெளிநாட்டில் லிஃப்ட் பழுது பார்த்துக்கொண்டிருந்தான். விடுமுறைக்கு வரும்போது தங்கைக்கு ஒரு தையல் மெஷின் எடுத்து வரச் சொன்னேன். பணம் கட்டியாகிவிட்டது, கடையில் போய் வாங்கிக்கொண்டால் போதும் என்றேன். மெஷினின் அடித்தட்டுக்குள் தங்கம் வார்த்திருந்தது. கடை என்னுடையது, தங்கமும் என்னுடையது. பெட்டியைத் தூக்கியபோதே இடுப்புப் பிடித்துக்கொண்டதாம். அப்போதும் அந்த மண்டைக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

விமான நிலையத்தில் மாட்டினான். காவலில் இருந்தவனைப் பார்க்கப் போனேன்.

"மெஷின் நீங்க சொல்லித்தான் எடுத்துட்டு வந்தேன்னு சொல்லிடட்டுமா மச்சான்?" என்று என்னிடமே அனுமதி கேட்டான்.

"தாராளமா சொல்லுங்க மாப்பிள்ளை. ஆனா அப்புறம் நான் சாட்சி ஆயிடுவேன், உங்களுக்கு வாதாட முடியாது. வேற வக்கீல் பாத்துக்கறீங்களா?"

பதறிப்போய் வேண்டாம் என்றான். கீழ்க்கோர்ட்டில் தண்டனை விழுந்தது. மேல்முறையீட்டையும் நானே போட்டேன்.

உள்ளே சரக்கு இருப்பது தனக்குத் தெரியாது என்று பிடிபட்டவன்தான் நிரூபிக்க வேண்டும், அதுதான் சட்டம். அதற்கு வழியும் இருந்தது. பெட்டி கடையில் ஒட்டியது ஒட்டியபடியே இருந்தது, நாங்கள்தான் கத்தியால் கிழித்தோம் என்று பிடித்த அதிகாரியே சாட்சிக் கூண்டில் உளறியிருந்தார். உங்கள் இலாகாவில் ஒருவருக்கும் அது உறைக்கவில்லை. அதை நான் எடுத்திருந்தால் அவன் வீட்டுக்குப் போயிருப்பான். ஆனால் அடுத்த கேள்வி, அப்படியானால் கடையில் வைத்தது யார் என்பதாக இருக்கும். ஆகவே தாமதம், எடை, வற்புறுத்தி வாங்கிய கையெழுத்து என்று நாள் முழுக்க வாதாடினேன். ஜூனியர்கள் வாய் பிளந்து குறிப்பெடுத்தார்கள். வேறு ஏதாவது உண்டா என்று நீதிபதி கேட்டார். அவ்வளவுதான் என்றேன். தண்டனை உறுதியானது.

தீர்ப்பன்று வராந்தாவில், கைவிலங்கோடு நின்றுகொண்டு அவன் எனக்கு ஆறுதல் சொன்னான். "விடுங்க மச்சான். உங்களால முடிஞ்சதச் செஞ்சிட்டீங்க." சிரிப்பை அடக்குவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

சிறை ஆஸ்பத்திரியில் அவன் செத்ததை என் தலையில் கட்டாதீர்கள். பலவீனமான இதயத்தை அவனுக்கு நானா கொடுத்தேன்? சாகும் தறுவாயில் மட்டும், மெஷின் யார் சொல்லி வந்தது என்று தங்கையிடம் சொல்லிவிட்டான். வாழ்நாளில் அவனுக்குத் தோன்றிய ஒரே உருப்படியான யோசனை, அதுவும் உதவாத நேரத்தில்.

புகார் கொடுத்தது அவள்தான் என்கிறீர்கள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாளாம். எனக்கு அவள்மேல் கோபமில்லை, துக்கத்தில் புத்தி தடுமாறியிருக்கிறது. கடையில் நான் வைத்திருந்த ஆளையும் பிடித்துவிட்டீர்கள், இனி மறைத்து என்ன பயன்? தங்கம் என்னுடையது. அவன் குற்றமற்றவன் என்று தெரிந்தேதான் அவனை உள்ளே வைத்தேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

கையெழுத்து எங்கே போட வேண்டும்? சீக்கிரம் முடித்தால் நல்லது, தங்கையை வீட்டில் கொண்டுபோய் விட வேண்டும். பாவம், என்னை விட்டால் அவளுக்கு யார் இருக்கிறார்கள்?