நாளுக்கொரு ஜோக்கர்

— எடுத்துக்கோணா. அந்த ஜோக்கர் உனுக்குத்தான்.

— எனக்கு எப்பிடிப்பா ஆகும்? அது நீ எறக்குன கட்ட வரிசைல உள்ளது. செவப்பு நாலு, அஞ்சு, அடுத்து ஜோக்கர், அப்பறம் ஏழு.

— ஜோக்கர் நிக்கிறது ஆறோட எடத்துல. உன்கிட்ட செவப்பு ஆறு இருக்குதில்ல? அத அங்க வெச்சுட்டு ஜோக்கர நீ எடுத்துக்கலாம். கட்ட டப்பாவுல வந்த ரூல் பொஸ்தகத்துல அப்பிடித்தான் போட்டிருக்குது.

— எங்கிட்ட ஆறு இருக்குன்னு உனக்கு யாரு சொன்னது?

— உன் ஸ்டாண்டு இந்தப் பக்கம் சாஞ்சிருக்குதுணா. தெரியுது.

— தெரியுதுன்னா மூஞ்சியத் திருப்பிக்கிரணும். சுரேந்தரு, நேத்து நீ என்ன சொன்ன?

— நேத்தா? ஒண்ணியும் சொல்லலியே.

— நேத்து நான் எறக்குன ஜோக்கர் எடத்துக்கு உங்கிட்ட நெசக் கட்ட இருந்துச்சு. மஞ்ச பதினொண்ணு. எடுத்துக்கப்பான்னு நாந்தான் சொன்னேன். நீதான் எறக்குன ஜோக்கர் எறக்குனதுதான், யாரும் தொடக்கூடாதுன்ன. பெங்களூருல உங்க மாமா வீட்டுல அப்பிடித்தான் ஆடுவாங்கன்னு கதை வேற.

— வூட்டுக்கு வூடு மாறும்ணா. ஜோக்கருக்குன்னு ஒரே சட்டமா இருக்குது?

— வீட்டுக்கு வீடு மாறட்டும். ஒரே வீட்டுல நாளைக்கொண்ணா மாறுதே! முந்தாநாளு கட் ஜோக்கர்ன. குவியல்ல இருந்து ஒரு கட்டையத் திருப்பி, ஒம்பது வந்துருச்சு, எல்லா ஒம்பதும் ஜோக்கர்ன. அந்தக் கட்டையப் பாத்தது நீ ஒரு ஆளுதான். எங்கையில மூணு ஒம்பது.

— உனுக்கு நேரம் நல்லா இருந்துச்சு.

— எனக்கா? இந்தக் கையப் பாத்துட்டுச் சொல்லுப்பா.

— ...தப்பா சொல்லிட்டேன்ணா.

— ஞாயித்துக்கெழம ஆட்டம் முடியயில எங்கையில ரெண்டு ஜோக்கரும் நின்னுபோச்சு. ஒண்ணுக்கு முப்பது புள்ளி கழிக்கணும்னு நீ குடுத்த பொஸ்தகத்துல நானே எழுத்துக்கூட்டிப் படிச்சேன். நீ சைபர்னு எழுதுன. எங்க கமுதிப் பக்கம் கழுதகூட ஒரே வழியில போகும்ப்பா. உன் சட்டம் நான் ஜெயிக்கிற பக்கமாத்தான் போகுது.

— ஜெயிச்சா சந்தோசந்தானே?

— என்னத்த சந்தோசம்? எடது கையில நாலு வெரலு போனவன் சீட்ட விசிறியாப் பிடிக்க முடியாது, இந்தக் கட்டைன்னா ஸ்டாண்டுல தானா நிக்கும்னு தேடி வாங்கியாந்த. எம்பொண்டாட்டி இருளாயி அழுதுட்டா, கூடப் பொறந்தவன்கூட இப்பிடிச் செய்ய மாட்டான்னு. எனக்கும் மனசு நெறஞ்சுதான் போச்சு. ஆனா தெனமும் என்னைய ஜெயிக்க விடுறியே, அதுதான் உறுத்துது.

— ஆட்டத்த ஆடுணா. ரெண்டு மணி கம்பெனி பஸ்ஸுக்கு நான் போவணும்.

— நாளைக்குக் கம்பெனி விசாரணைல உன்னையச் சாட்சிக்குக் கூப்புட்டுருக்காங்களாம்ல?

— உனுக்கு யாரு சொன்னாங்க?

— கேண்டீன் செல்லி. கவனக்குறைவா வேல செஞ்சேன்னு எம்பேருல எழுதி வெச்சிருக்காங்க. நீயும் ஆமான்னுட்டா நாளையோட எனக்குச் சீட்டு கிழிஞ்சிரும். நாப்பத்திரெண்டு வயசு, ஒத்தக் கை. இந்த ஓசூருல எந்தக் கேட்டுல என்னைய உள்ள விடுவான்? என்ன சொல்லப் போற?

— மெஷின் நல்லாத்தான் இருந்துச்சுன்னு சொல்லச் சொல்றாங்கணா.

— யாரு?

— மேனேஜர். சொன்னா அடுத்த மாசம் பர்மனென்ட் பண்ணிடறேங்கறாரு.

— மெஷின் நல்லா இருந்துச்சா தம்பி?

— உன் முறைணா, கட்டைய எறக்கு.

— அது உன் மெஷினு. அன்னைக்கு ராத்திரி தக்காளித் தோட்டத்துல யானை எறங்கிருச்சுன்னு தளியில இருந்து உங்கப்பா போன் பண்ணுனாரு. பத்து நிமிசம் என் எடத்துல நில்லுணான்னுட்டு வெளிய ஓடுன. நின்னேன். ரெண்டு கையாலயும் ரெண்டு பட்டன அமுத்துனாத்தான் பிரஸ் எறங்கும்னு மொத நாளே எல்லாருக்கும் சொல்லிக் குடுத்தாங்க. தகடு கோணலா இருந்துச்சு. சரி பண்ண எடது கைய உள்ள விட்டேன். சோத்தாங்கை மட்டும் பட்டன் மேல இருந்துச்சு. அப்பறம் எப்பிடிப்பா எறங்குச்சு?

— அண்ணா, போதும்ணா.

— நாப்பது நாளா இதத்தான் கேக்கணும்னு இருக்கேன். நீ ஜோக்கரப் பத்தியே பேசிக்கிட்டிருக்க. முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைக்கலாம் அப்பு, எங்கண்ணுல இருந்து உன் மூஞ்சிய மறைக்க முடியாது.

— கட்டி வெச்சிருந்தேண்ணா.

— எத?

— எடது பட்டன. கர்ச்சீப்பால இறுக்கிக் கட்டியிருந்தேன். ஒரு கையில ஓட்டுனா ஷிப்டுக்கு நூறு பீஸ் சேத்து வரும். காண்ட்ராக்ட்டு பசங்க எல்லாரும் கட்றாங்கோ. எண்ணிக்கை கொறஞ்சா மறுநாளு வர வேணாங்கறாங்க. அப்பாவோட போன் வந்த அவசரத்துல அவுக்கல. உன்கிட்ட சொல்லவும் இல்ல. கடவுளே, ஒரு வார்த்த சொல்லியிருந்தா உன் கை இருந்திருக்கும்!

— அழுகாத.

— தெனம் வந்ததே இதச் சொல்லத்தான்ணா. படியேறி உன் கைக்கட்டப் பாத்ததும் வாய் வராது. ஆட்டத்துலயாவது நீ ஜெயிக்கட்டும்னு... ரொம்பக் கேவலமா இருக்குதுணா எனுக்கு.

— கேவலந்தான்.

— திரும்பி ஓடியாந்து பாத்தா கர்ச்சீப்பக் காணம். யாரோ எடுத்துட்டாங்க, எப்ப காட்டுவாங்களோன்னு சோறு எறங்கல எனுக்கு.

— எடுத்தது நாந்தான்.

— நீயா!

— எடது கை உள்ள சிக்கிக் கெடந்துச்சு. சோத்தாங்கை சும்மாத்தான இருந்துச்சு. பட்டன்ல கட்டியிருந்தத அப்பத்தான் பாத்தேன். ஆளுக ஓடியாரதுக்குள்ள பல்லாலயும் கையாலயும் அவுத்து பாக்கெட்ல திணிச்சுட்டேன்.

— அந்த வலியிலயா? எதுக்குணா?

— உன் பொழப்பு போயிருமேன்னு. வேற என்னத்த நெனைக்கத் தோணும் அந்த நேரத்துல?

— அண்ணா, கேளு. நாளைக்கு நானே சொல்லிடறேன். கட்டுனது நான், நிக்கச் சொன்னது நான், உன்மேல ஒரு தப்பும் இல்லன்னு. பர்மனென்ட்டும் வேணாம், ஒண்ணியும் வேணாம். ஊருல தக்காளி போட்டுப் பொழச்சுக்கறேன். அந்தக் கர்ச்சீப்பக் குடு, நானே கொண்டுபோயி அவங்க முன்னாடி மேசை மேல வெக்கிறேன்.

— மேனேஜரு முன்னாடி நிக்கயில இந்த ரோசம் இருக்குமா?

— எங்கம்மா மேல சத்தியம்ணா. சுள்ளு, பொய்யி ஒண்ணியும் சொல்லல.

— நெசமாத்தான் சொல்ற. மூஞ்சியப் பாத்தாத் தெரியுது. இத நேத்து வந்து சொல்லக் கூடாதாப்பா?

— ஏண்ணா? நேத்துன்னா என்ன, இன்னிக்குன்னா என்ன?

— தலகாணிக்கு அடியில அத நாப்பது நாளு வெச்சிருந்தேன் அப்பு, இன்னைக்குச் சொல்லுவ, நாளைக்குச் சொல்லுவன்னு. நேத்து நீ ஆடிட்டுப் போன பொறவு கவர்மெண்டு பேக்டரி இன்ஸ்பெக்டரு வந்தாரு. அவருகிட்ட அதைக் குடுத்து, உம்பேரையும் சொல்லிட்டேன்.